லாக்டெப் கத்துவது பொய்யா, நிஜமா: ஃபைல் சிஸ்டம் எழுதுபவருக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது. ஒருவர் லினக்ஸுக்குச் சின்னதாக ஒரு ஃபைல் சிஸ்டம் மாட்யூல் எழுதுகிறார். ஒவ்வொரு ஐநோடிலும் (ஒரு ஃபைலையோ டைரக்டரியையோ பற்றிய விவரங்களைக் கெர்னல் வைத்திருக்கும் பொருள்) தன் சொந்த மெட்டாடேட்டாவைக் காக்க ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு, வைத்திருக்கிறார். புது டைரக்டரி உருவாக்கும்போது பேரன்ட் டைரக்டரியின் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டே, உள்ளே உருவாகும் டைரக்டரியின் மியூடெக்ஸையும் பிடிக்கிறார். உடனே, பூட்டுகளைப் பிடிக்கும் வரிசையில் தப்பு இருக்கிறதா என்று கண்காணிக்கும் லாக்டெப் என்ற கருவியிடமிருந்து கெர்னல் லாகில் "பாசிபிள் ரிகர்சிவ் லாக்கிங் டிடெக்டட்" என்று ஒரு பக்கத்துக்கு வந்து விழுகிறது. சிஸ்டம் நிற்கவில்லை, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. "பொய் எச்சரிக்கைதானே, அந்த இடத்தில் மட்டும் லாக்டெப்பை அணைத்துவிடலாமா?" என்கிறார்.

அணைக்காதீர்கள். லாக்டெப் ஒரு தடவை கத்திவிட்டால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அடுத்த ரீபூட் வரை எந்தப் பூட்டையும் கவனிக்காது. உங்கள் மாட்யூல் மவுன்ட் ஆன மூன்றாவது நிமிடத்தில் ஒரு பொய் எச்சரிக்கையைக் கிளப்பினால், அதன்பின் அந்த மெஷினில் வேறு டிரைவரோ உங்கள் மாட்யூலின் வேறு மூலையோ செய்கிற நிஜத் தப்பு எதுவும் கண்ணில் படாது. கெர்னல் ஆட்கள் பொய் எச்சரிக்கையையும் பக் கணக்கில் சேர்ப்பது இதனால்தான். ஆனால் அதைச் சரிசெய்வது என்றால் லாக்டெப்புக்குத் தெரியாத ஒரு உண்மையை அதற்குச் சொல்லிக் கொடுப்பது. அந்த உண்மை முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இந்த இரண்டு பூட்டும் எக்காலத்திலும் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்காது, ஏனென்றால்..." என்று தொடங்கி ஒரே வாக்கியத்தில் முடிக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அது பொய் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

சரி, லாக்டெப் எப்படி யோசிக்கிறது? இங்கோ மோல்னாரும் அர்யன் வான் டி வெனும் எழுதி 2006-இல் 2.6.18 கெர்னலோடு வந்தது அது. ஓடுகிற கெர்னலில் எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எந்தப் பூட்டைப் பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே போகும். "அ"வைப் பிடித்துக்கொண்டு "ஆ"வைப் பிடித்தது ஒரு நாள், "ஆ"வைப் பிடித்துக்கொண்டு "அ"வைப் பிடித்தது இன்னொரு நாள் என்றாலும் போதும், வட்டம் முடிந்தது என்று கத்தும். நிஜமாக யாரும் மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு வேலையையும் ஒரே திரெட் பத்து நிமிட இடைவெளியில் செய்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும். லட்சத்தில் ஒரு தடவை நிகழும் டெட்லாக்கை (ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்து இருவரும் அசையாமல் நிற்பது) மேசையில் உட்கார்ந்தபடியே பிடிக்க முடிவது இதனால்தான்.

இதற்கு அது கொடுக்கிற விலை ஒன்று உண்டு. ஒரு மெஷினில் லட்சக்கணக்கான ஐநோடுகள் இருக்கும். ஒவ்வொன்றின் பூட்டையும் தனித்தனியாகக் குறித்துவைக்க முடியாது. குறித்தாலும் பயனில்லை, ஒரு ஐநோடில் கற்றதை இன்னொன்றுக்குப் பொருத்த முடியாது. ஆகவே அது பூட்டுகளைக் கிளாஸ் கிளாஸாகப் பார்க்கிறது. கோடில் ஒரே இடத்தில் இனிஷியலைஸ் செய்யப்பட்ட பூட்டுகள் எல்லாம் ஒரே கிளாஸ். பள்ளிக்கூட வாட்ச்மேன் மாதிரி: பையன் முகத்தைப் பார்ப்பதில்லை, சீருடையைப் பார்க்கிறார். காக்கி டவுசர் போட்ட ஒருவன் உள்ளே இருக்கும்போது இன்னொரு காக்கி டவுசர் வந்தால், "நீதான் உள்ளே இருக்கிறாயே, மறுபடி எப்படி வருகிறாய்?" என்பார். உங்களுக்கு வந்த எச்சரிக்கை அச்சு அசலாக அதுதான். பேரன்ட் பூட்டும் சைல்ட் பூட்டும் ஒரே வரியில் பிறந்தவை. லாக்டெப் கண்ணுக்கு நீங்கள் பிடித்த பூட்டையே மறுபடி பிடிக்கிறீர்கள்.

ரிப்போர்ட்டை முழுசாகப் படிக்கும் பழக்கம் பலருக்கு இல்லை. கடைசியில் வரும் ஸ்டாக் டிரேஸைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். மேலே இருக்கிற இரண்டு வரிகள்தான் முக்கியம்: எந்தப் பூட்டைப் பிடிக்கப் போகிறது, எந்தப் பூட்டைக் கையில் வைத்திருக்கிறது. அங்கே அடைப்புக்குறிக்குள் கிளாஸின் பெயர் இருக்கும். பெயருக்குப் பின்னால் ஒரு ஹேஷ் குறியும் 3 என்ற எண்ணும் இருந்தால், அதே பெயரில் பல கிளாஸ்கள் உண்டு, இது மூன்றாவது என்று அர்த்தம். சாய்கோடு போட்டு 1 என்று இருந்தால் அது சப்கிளாஸ் எண், அதாவது ஒரே கிளாஸுக்குள் உட்பிரிவு. எண் இல்லாத பெயரும் சாய்கோடு 1 உள்ள பெயரும் லாக்டெப்புக்கு வெவ்வேறு பூட்டு. ரிகர்சிவ் ரிப்போர்ட்டில் "நெஸ்டிங் குறிப்பு விடுபட்டிருக்கலாம்" என்ற அர்த்தத்தில் ஒரு வரியும் வரும். அது ஒரு ஊகம் மட்டுமே. அதை நம்பி நேராக, சப்கிளாஸ் எண் கொடுத்துப் பூட்டும் நெஸ்டட் வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற முதல் தப்பு.

அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இரண்டு ஃபைல்களின் உள்ளடக்கத்தை அப்படியே மாற்றிக்கொள்கிற ஒரு வசதி எழுதினோம். முதல் ஃபைலின் மியூடெக்ஸ், அப்புறம் இரண்டாவதன் மியூடெக்ஸ். லாக்டெப் கத்தியது. இரண்டாவதைப் பிடிக்கிற வரியில் மியூடெக்ஸ்_லாக் என்றிருந்ததை மியூடெக்ஸ்_லாக்_நெஸ்டட் என்று மாற்றி சப்கிளாஸ் 1 கொடுத்தேன். சத்தம் நின்றது, நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். சில வாரம் கழித்து வாடிக்கையாளர் மெஷின் ஒன்றில் இரண்டு புரோகிராம்கள் அசையாமல் நின்றன. ஒன்று முதல் ஃபைலையும் இரண்டாவது ஃபைலையும் அந்த வரிசையில் கொடுத்திருந்தது; மற்றது அதே இரண்டைத் தலைகீழாக. ஆளுக்கொரு பூட்டு கையில், மற்றவர் பூட்டுக்காகக் காத்திருப்பு. லாக்டெப் ஏன் வாய் திறக்கவில்லை? அதற்குத் தெரிந்ததெல்லாம் "சாதாரணம், அப்புறம் சப்கிளாஸ் 1" என்ற வரிசை மட்டும். இரண்டு புரோகிராமுமே அந்த வரிசையைத்தான் பின்பற்றின. முதலில் வந்தது நிஜ எச்சரிக்கை; நான் அதன் வாயில் துணி அடைத்திருக்கிறேன்.

நெஸ்டட் என்று எழுதுவது ஒரு சத்தியப் பிரமாணம் மாதிரி. "இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையான வரிசை உண்டு, அதற்கு நான் பொறுப்பு" என்கிறீர்கள்; லாக்டெப் அதைச் சரிபார்க்காமல் நம்பிவிடும். ஆகவே வரிசையை முதலில் கோடில் உண்டாக்க வேண்டும். எல்லா ஃபைல் சிஸ்டங்களுக்கும் பொதுவான, கெர்னலின் விஎஃப்எஸ் பகுதி டைரக்டரி அல்லாத இரண்டு ஐநோடுகளைச் சேர்த்துப் பூட்டும்போது அவற்றின் மெமரி முகவரியை ஒப்பிட்டுச் சின்னதை முதலில் பிடிக்கிறது, பெரியதை அதற்கென்று வைத்திருக்கும் தனி சப்கிளாஸில் பிடிக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஐநோடு எண் வரிசையில் பிடிக்கிறது. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், யார் கூப்பிட்டாலும் மாறாத ஒரு அளவுகோல் வேண்டும். எங்கள் கோடிலும் கடைசியில் சேர்த்தது இரண்டே வரி: முகவரி தலைகீழாக இருந்தால் இரண்டு பாயின்டரையும் இடம் மாற்று.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டைரக்டரி உருவாக்கும்போது வரிசை இயல்பாகவே இருக்கிறது: மேலே உள்ளது முதலில், கீழே உள்ளது பிறகு. டைரக்டரிக்கு ஹார்ட் லிங்க் கிடையாது என்பதால் மரத்தில் சுழற்சி வராது. புதிதாக உருவாகும் ஐநோடை வேறு யாரும் இன்னும் பார்க்கவும் இல்லை. உங்கள் ஒற்றை வாக்கியம் கிடைத்துவிட்டது. சைல்டுக்கு சப்கிளாஸ் 1 கொடுக்கலாம். அதற்கென்றே சிங்கிள்_டெப்த்_நெஸ்டிங் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் ரீநேமில் இதையே காப்பி பண்ணிவிடாதீர்கள். அங்கே இரண்டு பேரன்ட் வரும். ஒன்று மற்றொன்றுக்குள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விஎஃப்எஸ் இதற்காகவே ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொரு டைரக்டரிக்குப் போகும் ரீநேம் எல்லாவற்றையும் சூப்பர்பிளாக்குக்கு (மவுன்ட் ஆன ஒரு ஃபைல் சிஸ்டத்தின் தலைமைப் பொருள்) ஒன்று என்று ஒரு தனி மியூடெக்ஸின் கீழ் வரிசையில் நிறுத்துகிறது, முன்னோர் டைரக்டரியை முதலில் பூட்டுகிறது. அதன் ஐநோடு சப்கிளாஸ்களின் பெயர்களைப் படித்தாலே கதை புரியும்: சாதாரணம், பேரன்ட், சைல்ட், எக்ஸ்ஆட்ர் (கூடுதல் பண்புகள்), இரண்டாவது டைரக்டரி அல்லாதது, இரண்டாவது பேரன்ட். பூட்டுகிற ஒவ்வொரு சூழ்நிலைக்கும் ஒரு வேடம்.

சப்கிளாஸ் மொத்தமே எட்டுதான், 0 முதல் 7 வரை. எட்டு தாராளம் என்று தோன்றும், ஆனால் பெரிய ஃபைல் சிஸ்டங்களில் இடிக்கும். எக்ஸ்எஃப்எஸ் ஒரு ரீநேமில் ஐந்து ஐநோடு வரை பூட்டலாம். அந்த ஐந்துக்கும் எண் கொடுத்து, பேரன்டுக்கும் எண் கொடுத்து, பூட்டுக் கொடிகளின் பிட்களுக்குள் அடக்குவதற்கு அந்த ஹெடர் ஃபைலில் ஒரு பெரிய கமென்டே எழுதி வைத்திருக்கிறார்கள். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் தன் மரப் பூட்டுகளுக்கு காப்பி, இடது, வலது, பிளவு என்று எட்டையும் கடைசி எண் வரை தீர்த்துவிட்டது; ஒன்பதாவது வந்தால் கம்பைல் ஆகாதபடி ஒரு அசெர்ட்டும் உண்டு. அங்கே சப்கிளாஸ் மட்டும் போதாது என்பதால் மரத்தின் ஒவ்வொரு மட்டத்துக்கும் தனிக் கிளாஸே கொடுத்திருக்கிறார்கள். வேர் ஒரு சீருடை, அதற்குக் கீழ் மட்டம் இன்னொரு சீருடை, இலை வேறொன்று. மேலிருந்து கீழே இறங்கும்போது லாக்டெப்புக்குக் குழப்பமே வராது.

தனிக் கிளாஸ் எப்போது, சப்கிளாஸ் எப்போது? என் கணக்கு இது. பூட்டு அதேதான், இந்த இடத்தில் மட்டும் அதன் வேடம் வேறு என்றால் சப்கிளாஸ். அந்தப் பொருளே பிறவியிலிருந்து வேறு ரகம் என்றால் தனிக் கிளாஸ். இதற்கு நான் பார்த்ததில் மிக அழகான உதாரணம் 2007-இல் நடந்தது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் சிஸ்டம்) மவுன்ட் ஒன்றில் ஒரு புரோகிராம் டைரக்டரியைப் பட்டியல் எடுக்கிறது. கெர்னல் அந்த டைரக்டரி ஐநோடின் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு, பெயர்களை ஒவ்வொன்றாகப் புரோகிராமின் பஃபரில் எழுதுகிறது. அந்த பஃபரின் பக்கம் அப்போது மெமரியில் இல்லை. பேஜ் ஃபால்ட் அடிக்கிறது. அதைக் கவனிக்க, புரோகிராமின் மெமரி அமைப்பைக் காக்கும் எம்மேப் செமஃபோர் என்ற பூட்டு வேண்டும். ஆக, ஐநோடு மியூடெக்ஸ் முதலில், எம்மேப் செமஃபோர் அடுத்து. இன்னொரு பக்கம் வேறொரு புரோகிராம் என்எஃப்எஸ் ஃபைல் ஒன்றை எம்மேப் செய்கிறது, அதாவது தன் மெமரியில் பொருத்திக்கொள்கிறது. கெர்னல் எம்மேப் செமஃபோரைப் பிடித்துக்கொண்டு என்எஃப்எஸ்ஸுக்குள் நுழைகிறது; ஃபைலின் பழைய கேஷ் இன்னும் செல்லுமா என்று பார்க்கிற வழியில் அது ஐநோடின் மியூடெக்ஸைப் பிடிக்கிறது. இங்கே எம்மேப் செமஃபோர் முதலில், ஐநோடு மியூடெக்ஸ் அடுத்து. வட்டம் முடிந்தது, லாக்டெப் கத்தியது.

இது நிஜமா? ஒரு வரியில் பதில் உண்டு: டைரக்டரியை எம்மேப் செய்ய முடியாது, ஃபைலைப் பட்டியல் எடுக்க முடியாது. முதல் சங்கிலியில் வரும் ஐநோடு எப்போதும் டைரக்டரி. இரண்டாவதில் வருவது ஒருபோதும் டைரக்டரி ஆகாது. இரண்டும் ஒரே ஐநோடாக இருக்க வழியே இல்லை. பீட்டர் ஜில்ஸ்ட்ரா செய்த திருத்தமும் இந்த வாக்கியத்தின் நேரடிப் படிவம்தான். ஃபைல் சிஸ்டம் ஒவ்வொன்றின் வகைப் பதிவிலும் ஐநோடு மியூடெக்ஸுக்கு இரண்டு சாவிகள் (கிளாஸ் அடையாளங்கள்): ஃபைலுக்கு ஒன்று, டைரக்டரிக்கு ஒன்று. புது ஐநோடு முழுசாகத் தயாராகி வெளியே விடப்படும் அன்லாக்_நியூ_ஐநோடு என்ற இடத்தில், அது டைரக்டரிதானா என்று பார்த்து டைரக்டரிச் சாவிக்கு மாற்றிவிடுகிறது. மியூடெக்ஸ் 2016-இல் ரீட்-ரைட் செமஃபோராக மாறிவிட்டது. இந்த ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற விஷயம் ஒன்று. ஃபைலா டைரக்டரியா என்று சொல்லும் ஐநோடின் மோட் புலத்தை நிரப்புவதற்கு முன்பே அன்லாக்_நியூ_ஐநோடைக் கூப்பிட்டால், டைரக்டரி ஃபைல் சீருடையிலேயே சுற்றும். அல்லது அந்த வழியே போகாமல் நியூ_ஐநோடு மட்டும் கூப்பிட்டு நீங்களே எல்லாவற்றையும் நிரப்பினாலும் அதே கதி. சில நாள் கழித்து எங்கோ ஒரு பேஜ் ஃபால்டில் எச்சரிக்கை வரும். உங்கள் மாட்யூலில் எங்கே தப்பு என்று தேடித் தேடி மண்டை காய்ந்துவிடும். ஹியூஜ்டிஎல்பிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் செய்வது போல, டைரக்டரிச் சாவிக்கு மாற்றும் அந்தக் குறிப்பு ஃபங்ஷனைத் தனியாகவே ஒரு தடவை கூப்பிட்டுவிடுங்கள்.

பொருளே வேறு ரகம் என்பதற்கு இன்னொரு உதாரணம் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தின் கோட்டா ஃபைல் (யார் எவ்வளவு இடம் எடுத்தார் என்ற கணக்கு). சாதாரண ஃபைலுக்கு பிளாக் ஒதுக்கும்போது அந்த ஐநோடின் டேட்டா செமஃபோர் கையில் இருக்கும். ஒதுக்கியதைக் கோட்டா கணக்கில் எழுத வேண்டும். கணக்கு ஒரு ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைலுக்கும் ஒரு டேட்டா செமஃபோர் உண்டு. ஒரே கிளாஸ் பூட்டு இரண்டு தடவை. ஆனால் கோட்டா ஃபைலுக்கே கோட்டா போடுவதில்லை. சங்கிலி திரும்பி வராது. ஆகவே கோட்டா ஐநோடுகளுக்கு ஒரு தனி சப்கிளாஸ். (என் கணக்குப்படி இது தனிக் கிளாஸாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் சப்கிளாஸையே பூட்டில் நிரந்தரமாகப் பதித்துவிடுகிறார்கள், பலன் ஒன்றுதான்.)

கவனியுங்கள், இந்தச் சாவிகள் ஃபைல் சிஸ்டம் வகைக்கு ஒன்று என்பதுதான் பொதுவான ஏற்பாடு. மவுன்டுக்கு ஒன்று கிடையாது. ஒரே வகையில் இரண்டு மவுன்ட் இருந்து, ஒன்று மற்றொன்றின் மேல் உட்கார்ந்தால் குழப்பம்தான். பல அடுக்கு டைரக்டரிகளை ஒன்றாகக் காட்டும் ஓவர்லேஎஃப்எஸ்ஸுக்கு இது தினசரிப் பிரச்சினை: ஓவர்லேயின் கீழ் அடுக்காக இன்னொரு ஓவர்லேயை வைக்கலாம். மேல் அடுக்கு ஐநோடைப் பூட்டிக்கொண்டு கீழ் அடுக்கு ஐநோடைப் பூட்டினால் இரண்டுக்கும் ஒரே சீருடை. அவர்கள் அடுக்கின் ஆழத்தை வைத்துச் சாவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுக்கு ஆழத்துக்குக் கெர்னல் வைத்திருக்கும் உச்சவரம்பு 2 என்பதால் சின்ன அட்டவணையே போதுமாகிவிட்டது.

அடுத்தது மெமரி. ஃபைல் சிஸ்டம்காரர்களுக்கு வருகிற பொய் எச்சரிக்கைகளில் தலைவலி பிடித்தது இதுதான்.

கெர்னலில் மெமரி கேட்கும்போது காலி இடம் இல்லையென்றால், கேட்டவரே பழைய கேஷைக் காலிசெய்யப் போக நேரலாம் (இதற்கு ரீக்ளெய்ம் என்று பெயர்). காலிசெய்வது என்றால் ஃபைல் சிஸ்டத்துக்குள் நுழைந்து பயன்படாத ஐநோடுகளைத் தூக்கி எறிவது. அதற்கும் பூட்டு வேண்டும். நீங்கள் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மெமரி கேட்டால், உங்கள் திரெட்டே சுற்றிவந்து அதே பூட்டின் வாசலில் நிற்கலாம். 2009-இலிருந்தே லாக்டெப்புக்கு இதைக் கண்காணிக்கத் தெரியும். 2017-இல் அதை எஃப்எஸ்_ரீக்ளெய்ம் என்ற ஒரு பொம்மைப் பூட்டாக மாற்றினார்கள். மெமரி கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பொம்மையைப் பிடித்துவிட்டது போலக் காட்டுவார்கள். நிஜமாக மெமரி தீர்ந்துபோகக் காத்திருக்காமலேயே வரிசை பதிவாகிவிடும். நல்ல தந்திரம்.

ஆனால் எக்ஸ்எஃப்எஸ்ஸில் இது வருடக்கணக்காகப் பொய்க் கத்தலைக் கிளப்பியது. ஐநோடின் பூட்டைப் பிடித்துக்கொண்டு டைரக்டரி பிளாக் படிக்கும்போது சாதாரணமாக மெமரி கேட்கிறார்கள்: ஐநோடு பூட்டு, அப்புறம் ரீக்ளெய்ம். இன்னொரு பக்கம் ரீக்ளெய்ம் ஓடும்போது ஐநோடுகளைக் கழிக்க அவற்றின் பூட்டைப் பிடிக்கிறது: ரீக்ளெய்ம், அப்புறம் ஐநோடு பூட்டு. லாக்டெப்புக்கு வட்டம். நிஜத்தில் நம் கையில் இருக்கும் ஐநோடுக்கு நாம் ரெஃபரன்ஸ் (இது பயன்பாட்டில் இருக்கிறது என்ற குறி) வைத்திருக்கிறோம். ரெஃபரன்ஸ் உள்ள ஐநோடை ரீக்ளெய்ம் தொடவே தொடாது. ஒரே பூட்டு, ஒரே பொருள், ஆனால் வாழ்க்கையின் இரண்டு கட்டங்கள். ஒரு காலத்தில் எக்ஸ்எஃப்எஸ் ஐநோடு கழிபடப் போகும்போது அதன் ஒரு பூட்டை வேறு கிளாஸுக்கு மாற்றியே ஓட்டியது. மற்ற இடங்களில் சத்தத்தை நிறுத்த என்ன செய்தார்கள்? மெமரி கேட்கும்போது "ஃபைல் சிஸ்டத்துக்குள் போகாதே" என்ற நோஎஃப்எஸ் கொடியைப் போட்டார்கள்.

அது சரியான வழியில்லை. லாக்டெப்பைச் சமாதானப்படுத்த மெமரி மீட்பின் கையைக் கட்டிப்போடுகிறோம். நிஜமாக மெமரி நெருக்கடி வரும்போது ஃபைல் சிஸ்டம் கேஷைக் காலிசெய்ய முடியாமல் போகும். சோதனைக் கருவிக்காக உற்பத்தி மெஷினைப் பலவீனப்படுத்துவது. 2017-இல் மிகல் ஹோக்கோ இதை இரண்டாகப் பிரித்தார். நிஜமாகவே ஆபத்து இருக்கிற இடத்துக்கு மெம்அல்லாக்_நோஎஃப்எஸ்_சேவ், ரீஸ்டோர் என்ற ஜோடி: டிரான்சாக்‌ஷன் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று, நடுவில் யார் எங்கே மெமரி கேட்டாலும் ஃபைல் சிஸ்டத்துக்குள் திரும்பி வராது. ஆபத்தில்லை, லாக்டெப் மட்டும்தான் கத்துகிறது என்ற இடத்துக்கு நோலாக்டெப் என்ற தனிக் கொடி: மீட்பு வழக்கம்போல நடக்கும், பொம்மைப் பூட்டு மட்டும் பதிவாகாது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் மிச்சமிருந்த பழைய நோஎஃப்எஸ்களை அலசி, இது எந்த ரகம் என்று பார்த்துப் பிரித்து மாற்றியது 2024-இல், 6.9 கெர்னலில்தான் முடிந்தது.

உங்கள் மாட்யூலில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இருந்தால் இங்கே உஷாராக இருங்கள். "என் ஐநோடுக்கு ரெஃபரன்ஸ் இருக்கிறதே" என்ற வாதம் அந்த ஒரு ஐநோடின் பூட்டுக்கு மட்டும்தான் செல்லும். ரீக்ளெய்ம் வேறு ஐநோடைக் கழிக்கும் வழியில் புது டிரான்சாக்‌ஷன் தொடங்கப் பார்த்து, ஜர்னலில் இடமில்லை என்று, ஏற்கெனவே டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துக்கொண்டு மெமரிக்காக நிற்கும் உங்களுக்காகவே காத்திருக்கலாம். அது நிஜ டெட்லாக். ஈஎக்ஸ்டி4 பயன்படுத்தும் ஜேபிடி2 என்ற ஜர்னல் பகுதி டிரான்சாக்‌ஷனைத் தொடங்கும் இடத்திலேயே நோஎஃப்எஸ்-ஐ இயக்கிவிடுவது இதற்காகத்தான்.

இன்னும் ஒரு வகை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டை ஒருவர் பிடித்து வேறொருவர் விடுவது. ஃபைல் சிஸ்டத்தை ஃப்ரீஸ் செய்யும் கட்டளை பூட்டைப் பிடித்தபடியே யூசர் பக்கத்துக்குத் திரும்பிவிடும். அசிங்க்ரனஸ் ரைட்டில் ஒரு திரெட் அனுப்ப, வேலை முடிந்ததை வேறொரு இடம் கவனிக்கும். லாக்டெப்புக்குப் பூட்டு என்றால் பிடித்த திரெட்டுக்கே சொந்தம். இதற்குக் கெர்னல் செய்வது, திரும்பும் முன் "விட்டுவிட்டேன்" என்று லாக்டெப்பிடம் மட்டும் சொல்லி, முடிக்கும் இடத்தில் "பிடித்துக்கொண்டேன்" என்று சொல்வது. லாக்டெப்பை ஏமாற்றுகிறோம் என்று அந்தக் கோடின் கமென்டிலேயே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

நடைமுறையில் கடிக்கிற ஒரு குழி. ஐநோடு ஸ்லாப்பிலிருந்து, அதாவது ஒரே ரகப் பொருள்களை மறுபடி பயன்படுத்த வைத்திருக்கும் மெமரித் தொகுப்பிலிருந்து, வருகிறது. அதன் கன்ஸ்ட்ரக்டரில் உங்கள் மியூடெக்ஸை இனிஷியலைஸ் செய்தால், அது ஸ்லாப் பக்கம் உருவாகும்போது ஒரு தடவைதான் ஓடும். ஐநோடு விடுபட்டு மறுபடி எடுக்கப்படும்போது ஓடாது. போன பிறவியில் டைரக்டரியாக இருந்து நீங்கள் டைரக்டரிக் கிளாஸ் போட்ட பூட்டு, இந்தப் பிறவியில் ஃபைலாக வந்தாலும் பழைய சீருடையோடே வரும். எச்சரிக்கை ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. விஎஃப்எஸ் தன் ஐநோடு பூட்டை ஒவ்வொரு தடவையும் புதிதாக இனிஷியலைஸ் செய்வதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. நீங்களும் கிளாஸை மாற்றுகிறீர்கள் என்றால் அல்லாக்_ஐநோடு ஃபங்ஷனில் இனிஷியலைஸ் செய்யுங்கள். ஐநோடு வெளியே தெரிவதற்கு முன் கிளாஸைப் போட்டு முடித்துவிடுங்கள். சாவிப் பொருள் ஸ்டாடிக்காக இருக்கட்டும். கேமல்லாக் செய்த (ஓடும்போது கேட்டு வாங்கிய) மெமரியில் வைத்தால், பதிவு செய்யாத சாவி என்று தனியாகக் கத்தும். அதற்கும் 2019 முதல் பதிவு செய்யும் வழி இருக்கிறது, ஆனால் சாவியை விடுவிப்பதற்கு முன் பதிவை நீக்க மறந்தால் அது வேறு வம்பு.

முற்றாக அணைக்கும் வழிகளும் உண்டு. நோவேலிடேட் கிளாஸ் என்று ஒன்று இருக்கிறது. டிவைஸ் மாடலின் மியூடெக்ஸ் வெகுகாலமாக அதில்தான் ஓடியது, ஏனென்றால் டிவைஸ் மரத்தின் ஆழத்துக்கு எட்டு சப்கிளாஸ் பத்தாது. 2023-இல் வந்த 6.5-இல் இன்னொரு வழி சேர்ந்தது: ஒரே கிளாஸின் இரண்டு பூட்டுகளில் எது முதலில் என்று ஒப்பிடும் ஃபங்ஷனை நீங்களே எழுதிக் கொடுக்கலாம், லாக்டெப் ஓடும்போது அதைக் கூப்பிட்டுச் சரிபார்க்கும். ஃபைல் மாற்றும் என் பழைய கதைக்கு இது இருந்திருந்தால், முகவரி வரிசை மீறின அந்த நிமிடமே மாட்டியிருப்பேன். நெஸ்டட்டில் நம்பிக்கை மட்டும்தான் உண்டு. இதில் சோதனையும் உண்டு. புதுசாக எழுதுகிறீர்கள் என்பதால் ரீநேமுக்கும் இதையே முயன்று பார்க்கச் சொல்வேன்.

குறிப்பு எதைப் போட்டாலும் பக்கத்தில் அந்த ஒற்றை வாக்கியத்தைக் கமென்டாக எழுதிவிடுங்கள். சூப்பர்பிளாக் ஒதுக்கும் கோடில் அன்மவுன்ட் செமஃபோரை நெஸ்டட்டாகப் பிடிக்கும் வரிக்கு மேல் அப்படி ஒன்று இருக்கிறது: இந்தப் பொருள் இன்னும் வெளியே தெரியாது, பழையதும் இதுவும் வெவ்வேறு பூட்டு, ஆகவே மாட்டாது என்று. நாளைக்கு யாராவது அந்தப் பொருளைச் சீக்கிரமே வெளியே விடும்படி கோடை மாற்றினால், கமென்ட் பொய்யாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் சோதனை. ப்ரூவ்_லாக்கிங் (லாக்டெப்பை இயக்கும் அமைப்பு) போட்ட கெர்னலில் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல் சிஸ்டம் சோதனைத் தொகுப்பை முழுசாக ஓட்டுங்கள். லாக்டெப் நடந்த பாதையை மட்டும்தான் அறியும், ஒரு எம்கேடிர் போட்டுப் பார்த்துவிட்டு விட்டால் ரீநேம் பாதையை அது பார்த்திருக்கவே இருக்காது. ஓட்டி முடித்ததும் ப்ராக்கில் உள்ள லாக்டெப்_ஸ்டாட்ஸ் ஃபைலைத் திறந்து டிபக்_லாக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். 1 என்று இருந்தால் கடைசி வரை விழித்திருந்தது. 0 என்றால் நடுவழியில் எதற்கோ கத்திவிட்டுப் படுத்துவிட்டது. அது உங்கள் மாட்யூல் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். டிமெசேஜில் (கெர்னல் லாக்) முதல் ரிப்போர்ட்டைத் தேடி, அதைத் தீர்த்து, ரீபூட் செய்து, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.